குற்றாலம் போய் வந்த பிறகு எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

போன ஆடியில் நானும் வீட்டுக்காரரும் குற்றாலத்தில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தோம். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் கோயில், கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்று எந்தக் காரணமும் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் வெளியூர் போனது இதுவே முதல் தடவை. காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளத்தூரில் இது செய்தியாகிவிட்டது. மாவு மில்லில் கேட்டார்கள், கோயில் பிரகாரத்தில் கேட்டார்கள், தேவகோட்டையில் ஒரு சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாணம்) பந்தியில் இலைக்கு எதிரே உட்கார்ந்தும் கேட்டார்கள். கேள்விகள் சுற்றிச் சுற்றி அவையேதான். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பேச்சை மட்டும் எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன்.

"ஆச்சி, பக்கத்தில் அருவி ஒன்றும் இல்லையா? அவ்வளவு தூரம் குற்றாலம்தான் போக வேண்டுமா?"

பக்கத்தில் இல்லை. நம் சீமை பொட்டல். தண்ணீர் என்றால் நமக்கு ஊருணி. அது விழாது, கிடக்கும். மழை பெய்தால் நாழி ஓட்டில் வழிந்து வருவதை வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், அண்டா வைத்துப் பிடித்துப் பழகிய வீட்டுப் பெண் நான். பேரருவியை முதலில் பார்த்தபோது எனக்கு வந்தது வியப்பு இல்லை, பதற்றம். இவ்வளவு தண்ணீர் இரவும் பகலும் கொட்டுகிறது, ஒருவரும் ஒரு குடம்கூடக் கொண்டுவந்து வைக்கவில்லையே என்று மனம் அடித்துக்கொண்டது.

வேறு அருவிகளும் உண்டு. கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது பெரிதில்லை, அதே படிகளை ஏறி வர வேண்டும். கொடைக்கானல் மலைச்சாலையில் வெள்ளி அருவியைப் பார்க்கலாம், அவ்வளவுதான். வண்டியை விட்டு இறங்கிச் சில நிமிட நடையில் அருவிக்கு அடியில் போய் நிற்கக்கூடிய இடம் குற்றாலம். எங்கள் முழங்கால்கள் சேர்ந்து எடுத்த முடிவு அது.

"எந்த மாதம் போனால் தண்ணீர் நிச்சயமாக விழும்?"

நிச்சயம் என்ற சொல்லை விட்டுவிட வேண்டும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் சீசன். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தையொட்டி இறங்கும். அங்கே மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் இங்கே பாறை நனையும். சில வருடம் அதற்கே ஜூன் பாதி போய்விடும். மழை நடுவில் ஓய்ந்தால் ஜூலையிலும் அருவி நூலாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாலும் தண்ணீர் வரும். ஆனால் அது முரட்டுத் தண்ணீர். வெள்ளம் வருவதும் குளிக்கத் தடை போடுவதும் அடிக்கடி நடக்கும். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்குப் போகிறவர்களின் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். சாவகாசமாக இருவர் போக ஆனி, ஆடிதான் சரி.

எங்களுக்குக் கைகொடுத்தது ஒன்றே ஒன்று: தேதியை இறுக்கிப் பிடிக்கவில்லை. "இந்த மாதத்தில் ஏதாவது ஒரு செவ்வாய்" என்று வைத்துக்கொண்டோம். தென்காசியில் இருக்கும் ஒரு சொந்தக்காரரைத் தினமும் கேட்டு, அவர் "இப்போது வாருங்கள்" என்ற வாரத்தில் கிளம்பினோம். கல்யாணத்துக்கு நாள் குறிப்பதுபோல ஆறு மாதம் முன்பே சனி, ஞாயிறு என்று குறித்தால், அருவி இருக்கும் நாளில் கூட்டமும் இருக்கும், அல்லது இரண்டுமே இருக்காது.

"ஆடியில் இங்கே புழுதி பறக்கிறது. அங்கே மட்டும் எப்படிச் சாரல்?"

காற்று ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கிறது. மழை முழுவதும் கேரளப் பக்கத்துச் சரிவில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம், அந்தச் சுவரில் ஒரு தாழ்வான இடம் இருக்கிறது. மேகமும் ஈரக்காற்றும் அந்தக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் நுழைகின்றன. அதுதான் தென்காசி, குற்றாலம் பகுதியின் சாரல். அரை மணி தூறும், கால் மணி வெயில் அடிக்கும், மறுபடி தூறும். அங்கே யாரும் குடையை விரிப்பதுமில்லை, மடக்குவதுமில்லை.

அதே மேல்காற்று மலையைத் தாண்டி நம் பக்கம் வந்து சேர்வதற்குள் ஈரம் எல்லாம் வற்றிவிடுகிறது. நம் முகப்புத் திண்ணையில் மண்ணை வாரிக் கொட்டுவது அந்த ஈரம் போன காற்றுதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஆடியில் திண்ணையைக் கூட்டும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

"காரைக்குடியிலிருந்து நேரே ரயில் இருக்கிறதா? மாறி மாறிப் போக வேண்டுமா?"

நேரே இருக்கிறது. சென்னையிலிருந்து செங்கோட்டை போகும் சிலம்பு விரைவு ரயில் காரைக்குடி, மானாமதுரை, விருதுநகர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் போகிறது. பின்னிரவில் காரைக்குடியில் ஏறினால் காலையில் தென்காசி. எர்ணாகுளம், வேளாங்கண்ணி இடையே ஓடும் ரயிலும் இந்த இரண்டு ஊரையும் தொடுகிறது. இரண்டுமே தினசரி ரயில்கள் அல்ல, கிழமை பார்த்துக்கொள்ளுங்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர். டவுன் பஸ், ஆட்டோ எப்போதும் உண்டு.

பஸ் என்றால் திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை மாட்டுத்தாவணி. தென்காசிப் பேருந்தும் அதே நிலையத்தில் கிடைக்கும். காரில் சுமார் 250 கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்கு நிற்காமல் போனால் ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகும். நிற்காமல் போனவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது.

"எத்தனை நாள் வேண்டும்? ஒரே நாளில் போய் வர முடியாதா?"

முடியும். இளவட்டங்கள் வேன் எடுத்து அப்படித்தான் போகிறார்கள். குளித்த களைப்பில் தூங்கிக்கொண்டே வீட்டுக்கு வருகிறார்கள். தம்பதியாகப் போனால் இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் தண்ணீர் அதிகம் என்று தடை போட்டிருந்தாலும் இரண்டாம் நாள் கையில் இருக்கும். சீசனில் அறை வாடகை ஏறும், வார நடுவில் கொஞ்சம் இறங்கும். அடையாள அட்டையை இருவருமே எடுத்துப் போங்கள்.

"குற்றாலத்தில் எத்தனை அருவி? எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமா?"

எல்லாம் சேர்த்து ஒன்பது என்று எண்ணிச் சொல்வார்கள். எண்ணிக்கையை முடிக்க வேண்டும் என்று ஓடினால் ஆட்டோக்காரருக்குத்தான் லாபம். பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி மூன்றும் முக்கியம். சிற்றருவி பேரருவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புலியருவி சிறியது, பெரிய அருவிக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஏற்றது. மலைமேல் செண்பகாதேவி அருவி, அதற்கும் மேலே தேனருவி. மேலே உள்ளவை வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. நினைத்த நேரத்தில் ஏறிப் போக முடியாது.

பேரருவியைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து சிற்றாறு விழுகிறது. ஆனால் ஒரே வீச்சில் விழவில்லை. நடுவில் பாறையில் ஒரு பெரிய குழி இருக்கிறது, பொங்குமாங்கடல் என்று பெயர். தண்ணீர் முதலில் அதற்குள் விழுந்து, கொதிக்கும் உலை மாதிரி பொங்கி, வேகம் அடங்கி, பிறகு பாறையில் பரந்து இறங்குகிறது. அந்தக் குழி இல்லாவிட்டால் அடியில் எந்தத் தலையும் தாங்காது. மலையிலேயே யாரோ ஒரு தொட்டி கட்டி வைத்தாற்போல இருக்கிறது என்றார் இவர். நம் ஆட்கள் எதைப் பார்த்தாலும் கட்டடக் கணக்குதான்.

"அயித்தை, நாங்கள் இருவரும் சேர்ந்து நின்று குளிக்கலாமா?"

புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டது. முடியாது அம்மா. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நடுவே தடுப்பு, அதற்குப் பக்கத்திலேயே காவலர்கள். பேரருவியிலும் அப்படித்தான், ஐந்தருவியிலும் அப்படித்தான். தம்பதியாகப் போகிறவர்கள் முதலில் ஏமாறுவது இங்கேதான். படத்தில் பார்த்ததுபோலக் கைகோத்து அருவிக்கு அடியில் நிற்பது என்பது கிடையாது.

எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பெண்கள் பக்கத்தில் நான் பார்த்த கூத்தை அவர் பார்க்க முடியாது. எழுபது வயதுப் பாட்டி ஒருவர் இரண்டு மருமகள்களையும் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். போன வேகத்தில் அவர்களை உதறிவிட்டுத் தனியாக நின்று "சிவசிவா" என்று கத்தினார். வெளியே வர மறுத்தார். மருமகள்கள்தான் குளிரில் நடுங்கிக்கொண்டு காத்துக் கிடந்தார்கள். வெளியே வந்து நாங்கள் இருவரும் அவரவர் பக்கத்துக் கதையைச் சொல்லிக்கொண்டு தேநீர் குடித்தோம். முப்பத்தைந்து வருடத்தில் ஒருவருக்குத் தெரியாத செய்தி இன்னொருவரிடம் இருப்பதே அபூர்வம்.

"நீங்கள் இருவரும் அங்கே தொலைந்து போனீர்களாமே, உண்மையா?"

உண்மைதான். முதல் நாள். இவர் குளிக்கப் போகும் முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கைபேசியையும் கொடுத்தார், பணத்தையும் கொடுத்தார். "அந்த டீக்கடையில் நிற்கிறேன்" என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். நான் குளித்து, உடை மாற்றி, தலையைத் துவட்டி அங்கே போனால் அவர் இல்லை. அந்தக் கடைக்கு இரண்டு வாசல் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

முக்கால் மணி நேரம். அவரிடம் போன் இல்லை. அது என் பையில் இருக்கிறது. கண்ணாடியும் என் பையில். அது இல்லாமல் பத்தடிக்கு அப்பால் இருப்பது ஆச்சியா தூணா என்று அவருக்குத் தெரியாது. கூட்டத்தில் கூப்பிடலாம் என்றால், பெயர் சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் இல்லை. கணவரைக் கூப்பிடும் அந்த ஒற்றைச் சொல்லைத்தான் உரக்கச் சொன்னேன். ஆறு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை, காதெல்லாம் தண்ணீர்.

கடைசியில் அவரே வந்துவிட்டார். நான் மாற்றிக் கட்டியிருந்தது அரக்குக் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை. முகம் தெரியாவிட்டாலும் அந்தக் கட்டம் தெரிந்தது என்றார். அந்த மலையடிவாரத்தில் வேறு யார் கட்டியிருக்கப் போகிறார்கள்? காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களுக்கு அதன் பயன் அன்றுதான் முழுதாகப் புரிந்தது. நீங்கள் போனால் கடை, வாசல், எந்தத் தூண் என்பதுவரை பேசி வைத்துக்கொண்டு பிரியுங்கள்.

"அப்படியானால் கண்டாங்கியையே கட்டிக்கொண்டு குளிக்கலாமா? நகையை என்ன செய்வது?"

கூடாது. கெட்டிப் பருத்தி நனைந்தால் குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். அருவியின் வேகம் முந்தானையை இழுக்கும். சுடிதார் நல்லது. சேலைதான் என்றால் மெல்லியதாக, இடுப்பில் நன்றாகச் செருகி, ஊக்குக் குத்தாமல் கட்டுங்கள்; ஊக்கு பிரிந்தால் பக்கத்தில் நிற்பவரைக் கிழித்துவிடும். கண்டாங்கி குளித்த பிறகு கட்ட.

நகையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தாலியைக் கழற்ற மனமில்லை என்றால் சங்கிலியை விட்டுவிட்டு மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு போங்கள். தோடு மிக முக்கியம். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணுக்குத் திருகாணி கழன்று வைரத் தோடு போய்விட்டது. அவள் காதைத் தொட்டுப் பார்த்த அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை. தடவிப் பார்த்தாள், மறு காதைத் தடவினாள், மறுபடி முதல் காதுக்கே வந்தாள். தேட என்ன இருக்கிறது? தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது.

"எண்ணெய் தேய்த்துக் குளித்தால்தானே குற்றாலம்? சீயக்காய் கொண்டு போகவா?"

நம் அப்பத்தா காலத்துக் குற்றாலம் அது. இப்போது அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதற்கும் அனுமதி இல்லை. உயர் நீதிமன்றம் வரை போய் வந்த விவகாரம். கீழே சிற்றாற்றுத் தண்ணீரைப் பாசனத்துக்கும் குடிக்கவும் நம்பியிருக்கும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. ஆறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரும் வரை நம் நுரையும் கூடவே போக வேண்டுமா? எண்ணெய் முழுக்கு வேண்டுமென்றால் விடுதிக் குளியலறையில் முடித்துவிட்டுப் போங்கள்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. பக்கத்துக் கோயிலில் குற்றாலநாதருக்கு மூலிகைத் தைலம் சாற்றும் வழக்கம் இருக்கிறது. திருமாலாக நின்றவரை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார், அந்தத் தலைவலிக்குத்தான் தைலம் என்பது தலக்கதை. ஆக, அங்கே இப்போது எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் உரிமை சுவாமி ஒருவருக்குத்தான்.

"தண்ணீர் திடீரென்று பெருகி ஆளை அடித்துக்கொண்டு போகும் என்கிறார்களே, பயமாக இருக்காதா?"

பயம் நல்லது. 2024 மே 17 அன்று பழைய அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். சீசன்கூடத் தொடங்கவில்லை, மலைமேல் பெய்த கோடை மழை. அருவியடியில் நிற்பவருக்கு மேலே என்ன பெய்கிறது என்பது தெரியாது. நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் இறங்கும்.

பேரருவியில் குளிக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு பாதுகாப்பு வளைவு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. அதற்கு முன்பே சில அறிகுறிகள் உண்டு: வெள்ளையாக விழுந்த தண்ணீர் செம்மண் நிறமாகும், சருகும் குச்சியும் வந்து விழும், சத்தம் தடிக்கும். காவலர் விசில் ஊதினால், "தலையை மட்டும் நனைத்துவிட்டு வருகிறேன்" என்று பேரம் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். நாங்கள் இருந்தபோது இரண்டாம் நாள் மாலை ஊதினார்கள். பேரம் பேசியவர்களில் இவரும் ஒருவர்.

"தடை போட்டுவிட்டால் கொடுத்த பணம்? விடுதிக்காரர் திருப்பித் தருவாரா?"

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஒரு விடுதியில் கேட்டுப் பார்த்தது. தடை அருவிக்குத்தான், அறைக்கு இல்லை என்று பதில் வந்தது. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள் என்கிறேன். ஒரு அருவியில் தடை என்றால் எல்லாவற்றிலும் தடை என்று பொருள் இல்லை; ஐந்தருவியில் நிறுத்தினாலும் புலியருவியில் விடுவார்கள்.

"இவருக்கு இரத்த அழுத்தம், எனக்கு மூட்டு வலி. நாங்கள் குளிக்கலாமா?"

இதய நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். நான் பள்ளத்தூர்க்காரி, மருத்துவர் அல்ல. குளிர்ந்த தண்ணீர் சட்டென்று உடம்பில் விழுவது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. நாங்கள் செய்தது: முதலில் கால், பிறகு கை, பிறகு தோள். தலையை நடு அருவியில் கொடுக்கவே இல்லை. ஓரத்தில் சிதறி விழும் தண்ணீரே போதுமாக இருந்தது. தோளில் அது விழும்போது யாரோ பிடித்துவிடுவதுபோல இருக்கும். அந்தச் சுகத்தில் நேரம் போவது தெரியாது, அதுதான் ஆபத்து. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுங்கள்.

மூட்டு வலிக்காரர்கள் பாசிக்குத்தான் பயப்பட வேண்டும். செருப்பில்லாமல் சிறு சிறு அடியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

"மூலிகைத் தண்ணீர் என்கிறார்களே, மூட்டு வலி போய்விட்டதா?"

மலையில் மூலிகைகள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றைத் தொட்டு வருகிறது. அங்கே மூன்று நாள் எனக்கு வலியே தெரியவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் நான் அம்மி தொடவில்லை, மாடிப்படி ஏறவில்லை, வேளாவேளைக்கு யாரோ சமைத்ததைச் சாப்பிட்டேன். எது குணப்படுத்தியது என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்த நான்காம் நாள் வலி பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

"துரியன் பழம் அங்கேதான் கிடைக்குமாம். சாப்பிட்டால் குழந்தை உண்டாகுமாமே?"

சீசனில் துரியன், மங்குஸ்தான், ரம்புத்தான் மூன்றும் வண்டியில் குவிந்து கிடக்கும். புதுத் தம்பதியைப் பார்த்தால் வியாபாரி துரியனைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவார். விலையும் உயரும். எந்த மருத்துவரும் அதை மருந்தென்று எழுதித் தருவதில்லை. ருசிக்காக வாங்குங்கள், வாசனை பிடிக்காது என்றால் அதையும் வாங்காதீர்கள். குழந்தைக்காக ஏங்குகிற பெண்ணிடம் பழத்தைக் காட்டி விலை சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. மங்குஸ்தான் வாங்குங்கள், தடித்த தோலை அழுத்திப் பிளந்தால் உள்ளே பூண்டுப் பல் மாதிரி வெள்ளைச் சுளை. பையை மறைத்துப் பிடியுங்கள், குரங்குகள் உங்களுக்கு முன்பே விலை பேசி முடித்திருக்கும்.

"சாப்பாடு நமக்கு ஒத்துவருமா?"

ஒத்துவரும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டருக்குப் போய்ப் பரோட்டா சாப்பிடாமல் வர மாட்டார்கள். சிறியதாக, ஓரம் முறுகலாக, சால்னாவில் ஊறியும் ஊறாமலும் இருக்கும். கோழி வறுவலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. செட்டிநாட்டில் இருந்துகொண்டு அடுத்த ஊர்க் கோழிக்கு மதிப்பெண் போட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. ரயிலுக்குப் புளியோதரையும், நொறுக்கக் கொஞ்சம் சீப்புச் சீடையும் எடுத்துப் போனோம். அருவியில் குளித்து வந்தால் பசி வயிற்றைக் கிள்ளும். சீடை டப்பா முதல் நாளே காலி.

"குளித்து முடித்த பிறகு அங்கே வேறு என்ன இருக்கிறது?"

குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவில் இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தள்ளிச் சித்திர சபை. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம் என்றால் இங்கே ஓவியம். சுவரில் வரைந்த நடராசர்தான் மூர்த்தி. ஈரக்காற்று வீசும் ஊரில் சுவர் ஓவியத்தைக் காப்பாற்றுவது சாதாரண வேலை அல்ல. அருவிக் கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவர்கூட இந்தப் பக்கம் வருவதில்லை. நாங்கள் போனபோது எங்களைத் தவிர ஒரு பூனை இருந்தது.

நம் ஊரோடு குற்றாலத்துக்கு ஒரு பழைய உறவும் உண்டு. கம்பனைக் கொண்டாடிய தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்தவர். 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் விழாவைத் தொடங்கியபோது முதல் விழாவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பங்குனியில் கம்பன் விழாப் பந்தலில் உட்கார்ந்து வளர்ந்த இவருக்கு அந்த ஊர்த் தெருவில் நடப்பதே பெருமையாக இருந்தது.

"குளிக்காமல் வெறுமனே பார்க்க மட்டும் அவ்வளவு தூரம் போகலாமா? கேலி செய்ய மாட்டார்களா?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அறுவைச் சிகிச்சை முடித்து ஓய்வில் இருக்கிறார். போங்கள். எங்களுக்கு அருவி உண்மையில் கிடைத்தது மூன்றாம் நாள் விடியற்காலையில், குளிக்காமல் போனபோதுதான். முந்தைய நாள் மாலை விசில் ஊதிப் போட்ட தடையைச் சொன்னேனே. அது இன்னும் நீங்கவில்லை. அதனால் கூட்டம் இல்லை. கடைகள் திறக்கவில்லை. தடுப்புக்கு வெளியே ஈரமான படியில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். தண்ணீர் வளைவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. பேசினால் கேட்காது, அதனால் பேசவில்லை. சாரல் வந்து இவருடைய கண்ணாடியில் படிந்துகொண்டே இருந்தது. என் முந்தானையை வாங்கித் துடைப்பார், மாட்டுவார், மறுபடி படியும். பத்துத் தடவையாவது துடைத்திருப்பார். பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கேட்டால், குளிப்பதற்கு ஒரு வேளையும் பார்ப்பதற்கு ஒரு வேளையும் தனித்தனியாக ஒதுக்குங்கள். குளிக்கும்போது அருவியைப் பார்க்கவே முடியாது. கண்ணை மூடிக்கொண்டு நிற்பீர்கள்.

"பக்கத்தில் கேரளத்துப் பாலருவிக்கும் போய்விடலாமா?"

நேரம் இருந்தால் போகலாம். ஆரியங்காவுப் பக்கம், செங்கோட்டையைத் தாண்டி மலையேறினால் வரும். 300 அடி உயரத்திலிருந்து பால் ஊற்றினாற்போல இறங்கும். காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் விடுவார்கள், டிக்கெட் உண்டு. ஒரே நாளில் குற்றாலத்தையும் அதையும் திணித்தால் இரண்டும் நினைவில் நிற்காது.

"திரும்பும்போது என்ன வாங்கி வந்தீர்கள்?"

நேந்திரம் சிப்ஸ், மங்குஸ்தான் ஒரு கிலோ, பேத்திக்கு ஒரு பனையோலைத் தொப்பி. இவற்றைவிட அதிக எடையாக வந்தது ஈரத்துணி. சாரலில் அங்கே எதுவும் காயாது; விடுதி வராந்தாவில் மூன்று நாள் தொங்கவிட்ட துண்டு மூன்றாம் நாளும் பிழிந்தால் சொட்டியது. கெட்டியான பிளாஸ்டிக் பை இரண்டு எடுத்துப் போங்கள், அதில் கட்டிக் கொண்டுவந்துவிடலாம். நான் வீட்டுக்கு வந்ததும் வளவில் கொடி கட்டிப் போட்டேன். காப்பி கலந்து இவருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் துண்டு முறுக்கு மாதிரி காய்ந்து விறைத்துக்கொண்டு நின்றது.